நாலாம் மைல் வளைவு

காரைக்குடிப் பாதையில் இருக்கிற நாட்டார்களத்திலிருந்து மாம்பாறைப்பட்டி வரைக்கும் ஏழே மைல். அதற்கு மேல் ஓரடிகூடக் கிடையாது. மதுரை ரோட்டையும் மதராஸ் ரோட்டையும் பார்த்துப் பழகினவர்கள் இதை ரோடு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும், யாருக்கு நட்டம்? அந்த ரோடு வருவதற்கு முன்னால் மாம்பாறைப்பட்டிக்காரன் காரைக்குடிக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாளே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். ரோடு வந்த பிறகு காலையில் காரைக்குடிச் செக்காலையில் இறங்கி வேலையைப் பார்த்துவிட்டு, சாயங்காலப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிச் சுடுசோறு சாப்பிட்டான். ஒரு ரோட்டுக்கு இதைவிட என்ன யோக்கியதை வேண்டும்?

செட்டிநாட்டில் மலை ஏது, ஆறு ஏது என்று கேட்பவர்கள் உண்டு. காரைக்குடியைச் சுற்றிச் செம்மண்ணும் ஊருணியும்தான், வாஸ்தவம். ஆனால் மேற்கு ஓரத்தில், பிரான்மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், இரண்டு கரடு எதிரெதிரே நின்று நடுவில் ஓர் ஆற்றுக்கு வழி விட்டிருக்கின்றன. ஊர்க்காரர்கள் அதைக் கல்லாறு என்பார்கள். பங்குனியில் பார்த்தால் வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பார்த்தால் அதன் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. அந்த ஆற்றை ஒட்டித்தான் ரோடு போனது.

அறுபத்திரண்டில் ரோடு திறந்தபோது மைலுக்கு ஓர் ஆள் என்று ஏழு பேரை எடுத்தார்கள். மைல்கூலி என்று பெயர். அவரவர் மைலில் குழி விழுந்தால் சல்லி போட்டு அடைப்பது, ஓரத்துப் புல்லைச் செதுக்குவது, தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தூர் எடுப்பது, ஆற்றோரமாக நட்டிருக்கும் ஓரக்கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, இதெல்லாம் அவர்கள் பாடு. ஆறு மைலுக்கு ஆள் கிடைத்துவிட்டார்கள். நாலாம் மைலை மட்டும் எந்த ஆம்பிளையும் தொட மாட்டேன் என்றுவிட்டான்.

காரணம் அந்த மைலின் கடைசி இரண்டு பர்லாங்கு. அங்கே கரடு ரோட்டின் மேலேயே வந்து முட்டும். மறுபக்கம் பதினைந்து அடிப் பள்ளத்தில் ஆறு. நடுவில் ரோடு ஒடுங்கி, பாறையைச் சுற்றி வளைந்து போகும். மழை பெய்தால் மேலிருந்து கல் உருளும், கீழிருந்து ஆறு கரையைத் தின்னும். இரண்டுக்கும் நடுவில் ஒற்றை ஆளாக மண்வெட்டியோடு நிற்க யாருக்கு ஆசை?

பொன்னுத்தாயிக்கு இருந்தது. ரோடு போடும்போது சல்லி உடைக்க வந்தவள் அவள். அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். ஓவர்சியர் அழகுசுந்தரம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"அந்த மைலை எனக்குக் குடுங்கய்யா."

ஓவர்சியர் சிரித்தார். பிறகு, சிரித்தது போதுமென்று தோன்றியோ என்னவோ, குமாஸ்தாவைக் கூப்பிட்டு விதி என்ன சொல்கிறது என்று பார்க்கச் சொன்னார். குமாஸ்தா அரை நாள் தேடிவிட்டு வந்தார்.

"பொம்பளைக்கு மைல் குடுக்கணும்னும் ரூல் இல்லை சார், குடுக்கக் கூடாதுன்னும் ரூல் இல்லை."

"அப்ப எழுதிக்க," என்றார் ஓவர்சியர். அப்படித்தான் நாலாம் மைல் பொன்னுத்தாயிக்கு வந்தது. வாங்கினவள் சும்மா இருந்தாளா? ஒரே வருஷத்தில் அந்த மைல் மற்ற ஆறு மைலுக்கும் வயிற்றெரிச்சலைக் கொடுத்தது. அவள் மைலில் குழி விழுந்தால் மறுநாள் அது இருந்த இடம் தெரியாது. வண்டிக்காரன் எவனாவது இரும்புப் பட்டைச் சக்கரத்தை ரோட்டின் ஓரத்தில் ஏற்றி மண்ணைப் பெயர்த்துவிட்டால், அவன் பேர் ஊர் கேட்டு, அவன் மாமியார் ஊர் வரைக்கும் விசாரித்து வைவாள். ஓரக்கல்லில் ஒருவன் குந்திவிடக் கூடாது. "எந்திரிய்யா, அது என்ன உங்க வீட்டு நாக்காலியா?" என்று தூரத்திலிருந்தே குரல் வரும்.

அவள் புருஷன் குழந்தைவேலு மானாவாரியில் கடலை போடுகிறவர். சாந்தமான மனிதர், ஆனால் வாயில் கிண்டல் குறையாது.

"ஏத்தா, நீ வாக்கப்பட்டது எனக்கா, ரோட்டுக்கா? அதைச் சொல்லிப்புடு. எடைஞ்சலா இருந்தா நான் ஒதுங்கிக்கிறேன்."

"ஒதுங்குறதுன்னா ஓரமா ஒதுங்குங்க. கல்லு மேல ஒதுங்கிறாதீக."

அந்தக் கற்களைப் பற்றிச் சொல்லாமல் பொன்னுத்தாயியைப் பற்றிச் சொல்ல முடியாது. வளைவில் ஆற்றோரமாக முழங்காலுயரத்துக்கு வரிசையாக நிற்கும் கற்கள். டிப்பார்ட்மெண்டு கொடுக்கும் சுண்ணாம்பை அடித்தால் முதல் மழையிலேயே வழிந்து ஆற்றோடு போய்விடும். மற்ற மைல்களில் அப்படித்தான் போனது. நாலாம் மைல் கல்லில் மட்டும் போகவில்லை. மழை பெய்யப் பெய்யக் கழுவின பீங்கான் மாதிரி வெளுத்து நின்றன. பஸ் டிரைவர் வீரையா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். "மத்த ஆறு மைலும் நான் ஓட்டுறேன். அந்த வளைவுல நான் ஓட்டலை, கல்லுகளே என்னைக் கூட்டிக்கிட்டுப் போகுது."

அந்த வெள்ளைக்குப் பின்னால் ஒரு சங்கதி உண்டு. பொன்னுத்தாயி பிறந்தது கண்டனூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு செட்டியார் வீட்டு வேலையில் சித்தாளாக இருந்தாள். கருப்பையாக் கொத்தனார் என்று ஒருவர்தான் அந்த வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசினார். கை வைத்துத் தடவினால் வழுக்குகிற, முகம் தெரிகிற பூச்சு. முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு வரைக்கும் யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். கடைசிப் பூச்சுக் கலவைக்கு மட்டும் வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். அவர் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் எந்தக் கொத்தனாரும் கடைசிக் கலவையை அடுத்தவர் கண்ணில் படக் கலக்க மாட்டார். கேட்டால் பதிலும் வராது. அது மரியாதைக் குறைவான கேள்வி.

ஆனால் கலவைக்குத் தண்ணீர் வேண்டுமே. குடம் சுமந்து உள்ளே போனவள் பொன்னுத்தாயி. தண்ணீர் கொண்டு வருகிற பெண்ணுக்குக் கண் இருக்கும் என்று கொத்தனார் நினைக்கவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறப் போடுகிறார், எந்தத் துணியில் வடிகட்டுகிறார், கடுக்காய் ஊறல் எவ்வளவு, முட்டை வெள்ளைக்கரு எப்போது, எந்தக் கூழாங்கல்லால் தேய்க்கிறார், எல்லாம் அவளுக்கு மூன்று நாளில் மனப்பாடம். அதோடு கல்லுக்கென்று அவளாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். வழுவழுப்பான கல்லில் சுண்ணாம்பு பிடிக்காது என்று முதலில் உளியால் பொத்தல் பொத்தலாகக் கொத்திவிட்டாள். கல்லுக்குப் பல் வைப்பது என்று அதற்குத் தானே பெயரும் வைத்தாள். வீட்டுக் கோழி இட்ட முட்டையெல்லாம் ஓரக்கல்லுக்குப் போனதில் குழந்தைவேலுக்கு மெய்யாகவே வருத்தம்தான்.

கலவையை அவள் வளைவுப் பாறைக்குப் பின்னால் வைத்துத்தான் கலக்குவாள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பாறைக்கும் புளியங்கன்றுக்கும் நடுவே ஒரு சாக்கையும் தொங்கவிட்டாள்.

இப்படி ஆறு வருஷம் போனது. அறுபத்தெட்டில் மைல் கணக்கு ஒழிந்து கிலோமீட்டர் வந்தது. ஒரு லாரி நிறையப் புதுக் கற்கள் வந்து இறங்கின. சங்கிலி பிடித்து அளந்து நட்டார்கள். ஏழு மைல், பதினொரு கிலோமீட்டர் சொச்சமாக ஆயிற்று. ஆள் அதே ஏழு பேர்தான். கிலோமீட்டரை இரண்டாக உடைக்கக் கூடாது என்று உத்தரவு. ஓவர்சியர் கூட்டிக் கழித்துப் பார்த்து, பொன்னுத்தாயிக்கு ஐந்தாம், ஆறாம் கிலோமீட்டர் என்று எழுதினார். ஆறாம் கிலோமீட்டர் முடிகிற கல்லை வளைவுக்கு இந்தப் பக்கம் நட்டார்கள். வளைவு முழுசாக ஏழாம் கிலோமீட்டருக்குப் போய்விட்டது. ஏழும் எட்டும் பெத்தனுக்கு.

பெத்தன் வேறு யாருமில்லை, குழந்தைவேலுக்குச் சித்தப்பா மகன். அதுவரை ஐந்தாம் மைலைப் பார்த்துக்கொண்டிருந்தவன். நாற்பது வயது ஆள், பெரிய மீசை. சோம்பேறி என்று சொல்ல முடியாது, ஆனால் அவசரப்பட்டும் யாரும் பார்த்ததில்லை.

ஊரில் எல்லோரும் பொன்னுத்தாயிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்றார்கள். பாறையும் இல்லை, பள்ளமும் இல்லை, இனி சமதரை. அவளுக்கோ யாரோ மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது. வளைவு இல்லாத மைல் அவளுக்கு எதற்கு? அழுதாள். அழுததை யாருக்கும் காட்டாமல் முகம் கழுவிக்கொண்டு நாட்டார்களத்துக்கு நடந்து போய் ஓவர்சியரைப் பார்த்தாள்.

"கிலோமீட்டருன்னா என்னங்கய்யா? ஒருத்தி பாத்துக்கிட்டிருந்த வளைவைப் பிடுங்கி அடுத்தவுக கையில குடுக்குறதா?"

"நான் பிடுங்கலம்மா. சர்க்கார் அளந்துச்சு, கல்லு அங்க விழுந்துச்சு."

"அந்தக் கல்லை ரெண்டு பர்லாங்கு தள்ளி நட்டா சர்க்காருக்குக் கை வலிக்குமா?"

ஓவர்சியர் நல்லவர்தான். ஆனால் சர்க்கார் கல்லைத் தள்ளி நடுகிற அளவுக்கு நல்லவர் இல்லை. பொன்னுத்தாயி திரும்பி வந்தாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பெத்தன் வீடு தேடி வந்தான். வாசலில் நின்றபடி தலையைச் சொறிந்தான்.

"மதினி, ஒங்களுக்குக் கோவம் இருக்கும். நான் கேட்டு வாங்கலை. அவுகளா எழுதிப்புட்டாக."

"எனக்கென்ன கோவம், கொழுந்தனாரே? நல்லாப் பாருங்க."

"அதான் கேக்க வந்தேன். கல்லுக்கு அந்தச் சுண்ணாம்பு எப்படிக் கலக்குறீக? அடுத்த மாசம் அடிக்கணும்ல."

பொன்னுத்தாயி முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"என்னத்தைப் பெருசாக் கலக்குறது. டிப்பார்ட்மெண்டு குடுக்குறதைத்தான் அடிச்சேன். எனக்கு நின்னுச்சு."

பெத்தன் அதை நம்பவில்லை. ஆறு வருஷமாகப் பாறைக்குப் பின்னால் சாக்குத் தொங்கினதை அவனும் பார்த்தவன்தானே. ஆனால் அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. "சரி மதினி," என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளேயிருந்த குழந்தைவேலு அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

செய்தது சரியில்லை என்று பொன்னுத்தாயிக்கே தெரியும். தெரிந்துதான் செய்தாள். கொத்தனார் யாருக்குச் சொன்னார், நான் ஏன் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒரு நியாயம் வைத்துக்கொண்டாள். அந்த நியாயத்தின் அடியில் இன்னொன்றும் கிடந்தது. கல் கறுக்கட்டும், ஊர் பார்க்கட்டும், வளைவு யார் கையில் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே சொல்லட்டும்.

கல் கறுக்கத்தான் செய்தது. பெத்தன் அடித்த சுண்ணாம்பு முதல் வருஷ மழையிலேயே கோடு கோடாக வழிந்தது. அவன் மறுபடி அடித்தான். மறுபடி வழிந்தது. அவளுடைய பழைய பூச்சு மேல் அவன் அடித்த மட்டச் சுண்ணாம்பு உரியும்போது, அடியில் இருந்ததையும் பெயர்த்துக்கொண்டு போனது. அறுபத்தொன்பது ஐப்பசிக்குள் அத்தனை கல்லும் பாறை நிறத்துக்கு வந்துவிட்டது. பொன்னுத்தாயி அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், விடாத மழை. பொன்னுத்தாயி கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஆறாம் கிலோமீட்டர்க் கல்லுக்குப் பக்கத்தில் வாய்க்காலை வெட்டி விட்டுக்கொண்டிருந்தாள். பொழுது இன்னும் முழுசாக இருட்டவில்லை, ஆனால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. வளைவில் கரட்டுத் தண்ணீர் ரோட்டின் மேலேயே கணுக்கால் அளவு ஓடியது. ரோடு எது, ஆறு எது என்று வித்தியாசம் தெரியவில்லை. காரைக்குடிப் பஸ் அவளைத் தாண்டிப் போனது. வீரையா வழக்கம்போல ஹாரன் அடித்து அவளுக்கு ஒரு சலாம் வைத்தார்.

அவள் நிமிர்ந்து பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பஸ் மெதுவாகத்தான் வளைவுக்குள் போனது. சட்டென்று அதன் விளக்கு ரோட்டைவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பி, கீழே சாய்ந்தது. பிறகு உள்ளேயிருந்து எழுந்த கூச்சல், ஆற்றுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பொன்னுத்தாயி ஓடினாள். பஸ்ஸின் இடது முன்சக்கரம் இரண்டு ஓரக்கல்லுக்கு நடுவே விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. பஸ்ஸின் வயிறு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த ஒற்றைக் கல்தான் மொத்தப் பஸ்ஸையும் தாங்கிக்கொண்டிருந்தது. அவள் பின்கதவைத் திறந்து, "எல்லாரும் இங்குட்டு வாங்க! பின்னாடியே வாங்க! முன்னாடி யாரும் போகாதீக!" என்று கத்தினாள். பெத்தனும் எங்கிருந்தோ ஓடி வந்துவிட்டான். இரண்டு பேருமாக ஒவ்வொருவராக இறக்கிவிட்டார்கள். முப்பத்தோரு பேர். தட்டாசாரி வீட்டு அழகம்மாளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புத்தான்.

கடைசியாக வீரையா இறங்கினார். நெற்றியிலிருந்து ரத்தம் மழையோடு வழிந்துகொண்டிருந்தது. அவர் யாரையும் வையவில்லை. கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, பொன்னுத்தாயியைப் பார்த்துச் சொன்னார்.

"கல்லைக் காணலையேத்தா. எம்புட்டுப் பாத்தும் ஒரு கல்லு கண்ணுல படலையே."

அந்த ஒரு பேச்சு அவளை அறுத்துப் போட்டுவிட்டது. அவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள்.

இரண்டு நாள் கழித்து மழை விட்டதும் ஓவர்சியர் விசாரணைக்கு வந்தார். கூடவே மேலதிகாரி ஒருவரும் குமாஸ்தாவும். பஸ்ஸை லாரி வைத்து இழுத்து எடுத்தாகிவிட்டது. வளைவில் ஊரே கூடி நின்றது. ஏழு மைல்கூலிகளையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேலதிகாரி கற்களைப் பார்த்தார், பெத்தனைப் பார்த்தார்.

"ஏழாம் கிலோமீட்டர் நீதானே? சுண்ணாம்பு அடிச்சியா, இல்லை வித்துட்டியா?"

"அடிச்சேங்கய்யா. மூணு தடவை அடிச்சேன். நிக்கலை."

"போன வருஷத்துக்கு முந்தி நின்னுச்சாமே. உனக்கு மட்டும் ஏன் நிக்கலை?"

பெத்தன் நிமிர்ந்து பார்த்திருந்தால் எதிரே மதினி நிற்பது தெரிந்திருக்கும். அவன் நிமிரவில்லை. சொல்லியிருக்கலாம், கேட்டேன், சொல்லவில்லை என்று. அதைச் சொன்னால் அவன் வேலை தப்பும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தாங்கய்யா," என்றான்.

"இவன் பேரை எடுத்துரலாம்," என்று மேலதிகாரி குமாஸ்தா பக்கம் திரும்பினார். குமாஸ்தா பேனாவைத் திறந்தார்.

பொன்னுத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எழுதாதீகய்யா. தப்பு அவுக மேல இல்லை. என் மேல."

"நீ யாரும்மா?"

"நாலாம் மைல்... இப்ப அஞ்சு, ஆறு கிலோமீட்டரு. முன்னாடி இந்த வளைவு எங்கிட்ட இருந்துச்சு. இந்தக் கல்லுல சுண்ணாம்பு நிக்கிறதுக்கு ஒரு கலவை இருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியும். இவுக வீடு தேடி வந்து கேட்டாக. வளைவைப் பிடுங்கிட்டாகளேங்கிற எரிச்சல்ல நான் சொல்லலை. பொய் சொல்லி அனுப்பினேன். அழகம்மா தோளு ஒடைஞ்சது என்னாலதான்."

கூட்டத்தில் பின்னால் நின்ற குழந்தைவேலு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெண்டாட்டி ஊர் முன்னால் தன் தப்பைச் சொல்கிறாள். அவருக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்ததைப் பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிறகு வெகுநாள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மேலதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுண்ணாம்புக் கலவையைச் சொல்லாமல் விட்டதற்கு எந்தத் தண்டனையும் அவர் படித்த புத்தகத்தில் இல்லை. ஓவர்சியரைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்து ஓவர்சியர்தான் சொன்னார்.

"பொன்னுத்தாயி, இவனை வேலையிலிருந்து எடுக்கலை. ஆனா வளைவு உன் கையில இருந்தப்ப ஒரு வண்டி சாயலை. ஐயா ஒத்துக்கிட்டார். வளைவை மட்டும் உன் பேருக்கே மாத்தி எழுதிடுறேன். எடுத்துக்க."

இதற்குத்தானே இத்தனையும். சோறு இறங்காமல் கிடந்தது, நாட்டார்களத்துக்கு நடந்தது, பொய் சொன்னது எல்லாம். இப்போது கேட்காமலே கைக்கு வந்து நிற்கிறது. சரி என்று தலையை ஆட்டினால் போதும். அவள் வளைவைப் பார்த்தாள். அந்தப் பாறை, அந்தப் புளியங்கன்று, பள்ளத்தில் ஓடும் ஆறு. பிறகு பெத்தனைப் பார்த்தாள். அவன் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வளைவைப் பிடுங்கிவிட்டால், இன்றைக்கு அவள் சொன்னது ஊருக்கு மறந்து போகும். பஸ்ஸைச் சாய்த்தவன் பெத்தன் என்பது மட்டும் நிற்கும். அவன் சாகிற வரைக்கும் நிற்கும்.

"வேணாங்கய்யா," என்றாள். "ஏழாம் கிலோமீட்டரு பெத்தனுதுதான். அவரே பாக்கட்டும்."

அன்றைக்குச் சாயங்காலமே பாறைக்குப் பின்னாலிருந்த சாக்கை அறுத்து எறிந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோட்டின் நடுவிலேயே அண்டாவை வைத்தாள். மற்ற ஆறு மைல்கூலிகளும் சுற்றி உட்கார்ந்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு இத்தனை, கடுக்காய் இத்தனை, வெள்ளைக்கரு இப்போது விட வேண்டும், முன்னால் விட்டால் திரிந்துபோகும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பெத்தனிடம் உளியைக் கொடுத்துக் கல்லுக்குப் பல் வைக்கச் சொன்னாள். மெதுவான கை. அந்த வேலைக்கு மெதுவான கைதான் வேண்டும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கொத்தியதைவிட அவன் கொத்தியது நெருக்கமாக விழுந்தது. அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டாள். சொல்லத்தான் செய்தாள்.

"என் கையைவிட ஒங்க கை நல்லா இருக்கு, கொழுந்தனாரே. மீசைக்குக் குடுக்குற நேரத்தை இதுக்குக் குடுத்தா இன்னும் நல்லா இருக்கும்."

பெத்தன் சிரித்தான். "மதினி வாயி திரும்பி வந்துருச்சு. இனி பயமில்லை."

அழகம்மாள் தோள் கூடுகிற வரைக்கும் அவள் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றியதும் பொன்னுத்தாயிதான். அழகம்மாள் முதல் வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் வாரம், "குடத்தை இறக்கி வச்சுட்டு ஒரு வாய் காப்பி குடி," என்றாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் செக்காலையில் பொன்னுத்தாயி அண்ணன் மகள் கல்யாணசுந்தரிக்குக் கல்யாணம். பொன்னுத்தாயியும் குழந்தைவேலும் போய்விட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் திரும்பினார்கள். ஒன்பது வருஷம் அந்த ரோட்டில் வேலை பார்த்தவள், அந்த நேரத்துக்கு அதில் பஸ்ஸேறிப் போனது அதுதான் முதல் தடவை. பொழுது சாயும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆறாம் கிலோமீட்டர்க் கல்லைத் தாண்டியதும் அவள் கை தானாக முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தது. வீரையா பஸ்ஸைத் திருப்பினார். விளக்கு வெளிச்சத்தில் முதல் கல் வெளுத்து எழுந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. அப்புறம் அத்தனையும், வளைவின் கடைசி வரைக்கும், ஒன்றுகூட மங்காமல். பஸ் அவற்றை ஒட்டியே அலுங்காமல் போனது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நேமத்தான்பட்டி ஆச்சி ஒருவர். மலைக்கோயிலுக்கு வேண்டுதலாம், மாம்பாறைப்பட்டியில் இறங்குகிறவர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

"இதென்னடி அதிசயம்! எங்க வீட்டுச் செவுத்துப் பூச்சால்ல இருக்கு! ரோட்டுக் கல்லுக்கு இப்படிப் பூசுறவுக யாரு? ஒனக்குத் தெரியுமா?"

பொன்னுத்தாயியின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் குழந்தைவேலு அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்.

"தெரியாம என்ன ஆச்சி," என்றாள் பொன்னுத்தாயி. "பெத்தன்னு பேரு. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தம்பி. என் கொழுந்தன்."